வயது வந்த பிள்ளைகளும் வைத்தியக் காப்புறுதியும்

 

வியாபாரிகளாகிய நமக்குத் தேதி பார்க்கும் பழக்கம் உண்டு. பால் டின்னைக் கையில் எடுத்தால் அதில் அச்சிட்ட தேதியைப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குகிறோம். கடை வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்பது மனப்பாடம். வெளிநாட்டு ஊழியரின் பர்மிட் எந்த நாளில் காலாவதியாகிறது என்பதைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறோம். ஆனால் வீட்டில் மீசை அரும்பி நிற்கும் பிள்ளையின் வைத்தியக் காப்புறுதிக்கும் ஒரு தேதி உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தெரியாமல் இருந்தது. தெரிந்துகொண்ட விதம் சுகமானதல்ல. ஆகவே மற்றவர்கள் அவ்விதம் கற்க வேண்டாம் என்று இப்பாடத்தை எழுதுகிறோம்.

நாம் டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல, காப்புறுதி முகவரும் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் நமது கல்வி. மற்றதெல்லாம் கடைத்தெரு கற்றுக் கொடுத்தது. எனவே கடைக்காரனின் கணக்கு முறையிலேயே இதனைச் சொல்லுகிறோம்.

நமக்கு நடந்தது

நமது கடைக்கு ஒரு குழுக் காப்புறுதி எடுத்திருந்தோம். ஊழியர்களுக்கும், நமக்கும், நம் மனைவி மக்களுக்கும் சேர்த்து ஒரே பாலிசி. ஆண்டுதோறும் தவணைத் தொகையைத் தவறாமல் கட்டி வந்தோம். ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியல் ஒன்றும் தபாலில் வரும். அதனைப் பிரித்துப் பாராமலே கோப்பில் செருகி வைப்போம். பணம் கட்டியாயிற்று, இனி என்ன என்பது நமது எண்ணம்.

மூத்த மகன் பாலிடெக்னிக் முடித்தான். தேசிய சேவைக்குப் போய் வந்தான். இருபத்திரண்டு வயதில் கடைக்கு வந்து நமக்குத் துணையாக நின்றான். ஒருநாள் மாலை, சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். குடல்வால் அழற்சி. உடனே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள்.

"அத்தா, நம்ம கடை பாலிசி கொடுக்கும்தானே?" என்று வலியோடு கேட்டான்.

"கொடுக்கும். நீ பேசாமல் படு" என்று தைரியம் சொன்னோம். பாலிசி இருக்கிறது என்ற தெம்பில் அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனோம்.

அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்தான். மூன்றாம் நாள் கணக்குக் கேட்டபோதுதான் விஷயம் வெளியாயிற்று. அந்தப் பாலிசியில் பிள்ளைகளுக்கு ஒரு விதி இருந்தது. மணமாகாத பிள்ளைக்கு 19 வயது வரை, முழுநேர மாணவனாக இருந்தால் 25 வயது வரை. நம் மகன் படிப்பை முடித்தபோதே அவன் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. படிக்காமல் செருகி வைத்த காகிதத்தில் அது தெளிவாகவே அச்சாகியிருந்தது. ஏமாற்றியவர் எவரும் இல்லை. கண்ணைத் திறந்து படிக்காத குற்றம் நம்முடையதே.

மெடிஷீல்டு லைஃப் ஒரு பங்கைக் கொடுத்தது. அது அரசாங்க ஆஸ்பத்திரியின் மானிய வகுப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு அது எட்டவில்லை. நமது மெடிசேவிலிருந்து அனுமதித்த அளவு எடுத்தோம். எஞ்சியது கடையின் இரண்டு மாத வாடகைக்குச் சமம். அதை லாச்சியிலிருந்து எடுத்துக் கட்டினோம்.

அன்றிரவு மனத்தைக் குத்தியது ஒன்று. நமது கடையில் ஒரு வெளிநாட்டு ஊழியர் இருக்கிறார். அவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்பது 2023 ஜூலை 1 முதல் உள்ள விதி. அதற்கு முன்பு அது 15,000 வெள்ளி. எஸ் பாஸ், ஒர்க் பர்மிட் உடையவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும் இதனை அறிவர். அந்தக் காகிதத்தை நாம் வரிவரியாகப் படித்திருந்தோம், சட்டம் கேட்கும் என்பதனால். சொந்தப் பிள்ளையின் காகிதத்தைப் படிக்கவில்லை, கேட்பார் இல்லை என்பதனால்.

அமெரிக்காவில் 26 வயது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே மகன் சொன்னான்: "அத்தா, என் கூட்டாளியின் பெரியப்பா குடும்பம் அமெரிக்காவில் இருக்கு. அங்கே 26 வயது வரை பிள்ளை அத்தா பாலிசியிலேயே இருக்கலாமாம். இங்கே ஏன் அப்படி இல்லை?"

கேள்வி நியாயமானது. விசாரித்து அறிந்ததை இங்கே தருகிறோம்.

அமெரிக்காவில் வேலை வயதில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்புறுதி முதலாளி வழியாகவே கிடைக்கிறது. 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்றும், வருமானம் குறைந்தவர்களுக்கு மெடிகெய்டு என்றும் 1965-ஆம் ஆண்டில் திட்டங்கள் ஏற்பட்டன. பெற்றோரின் பாலிசியில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பல பாலிசிகளில் 19 வயதோடு, அல்லது கல்லூரிப் படிப்பு முடிந்ததோடு, பிள்ளையின் பெயர் நீங்கிவிடும். நம் மகனுக்கு நேர்ந்தது போலவே.

அதன் விளைவு என்ன? படிப்பு முடிந்த இளைஞனுக்கு முதலில் கிடைப்பது சின்ன வேலை, தற்காலிக வேலை. சின்ன முதலாளி காப்புறுதி கொடுப்பதில்லை. சொந்தமாக வாங்கச் சம்பளம் போதாது. இப்படியாக அந்நாட்டில் காப்புறுதி இல்லாதவர்கள் அதிகமாக இருந்த வயது, இருபதுகளின் வயதாக இருந்தது.

2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா ஒரு பெரிய சுகாதாரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு பகுதி இதனைப் பற்றியது. 2010 செப்டம்பர் 23-க்குப் பிறகு தொடங்கும் பாலிசி ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் வருமாறு:

1. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பாலிசி எதுவாயினும், பிள்ளைக்கு 26 வயது நிறையும் வரை இடம் கொடுக்க வேண்டும்.

2. பிள்ளை மாணவனாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கூடாது. பெற்றோர் வீட்டில் வசிக்கவேண்டும், பெற்றோர் கையை எதிர்பார்த்தே வாழவேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடாது.

3. மணமாகியிருந்தாலும் இடம் உண்டு. ஆனால் மருமகளையோ மருமகனையோ பேரப்பிள்ளையையோ சேர்க்கவேண்டிய கடமை பாலிசிக்கு இல்லை.

4. வயது வந்த பிள்ளை என்பதற்காக, மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத கூடுதல் கட்டணம் அவனுக்கு மட்டும் விதிக்கக்கூடாது.

26 நிறைந்தபின் என்ன ஆகும்? பாலிசி முடியும். முதலாளி வழிப் பாலிசிகள் பலவற்றில் பிறந்தநாள் வரும் மாதக் கடைசி வரை செல்லும். அரசு நடத்தும் காப்புறுதிச் சந்தையில் வாங்கிய பாலிசியானால் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை செல்லும். பாலிசி நீங்குவதற்கு முன் 60 நாளும், நீங்கியபின் 60 நாளும், அந்தச் சந்தையில் சொந்தப் பாலிசி வாங்க அவனுக்குத் தனி அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால், அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும்.

இச்சட்டத்தினால் நன்மை அடைந்த இளைஞர்கள் பல இலட்சம் பேர். இதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு பண்டத்தின் குறையையும் சொல்லி விற்பதுதான் நேர்மையான வியாபாரம். அங்கே குறை இரண்டு. ஒன்று, பல பாலிசிகள் பெற்றோர் வசிக்கும் வட்டாரத்து டாக்டர்களோடு மட்டுமே ஒப்பந்தம் செய்திருக்கும். பிள்ளை தூரத்து மாநிலத்தில் வேலைக்குப் போய்விட்டால், அவசரச் சிகிச்சை தவிர மற்றதற்குப் பயன் குறைவு. இரண்டு, சிகிச்சைக் கணக்கு பாலிசிக்கு உரியவரான தகப்பனார் பெயருக்கே தபாலில் வரும். வயது வந்த மகளோ மகனோ என்ன வைத்தியம் செய்துகொண்டார் என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதற்குக் கூச்சப்பட்டு வைத்தியமே செய்துகொள்ளாமல் இருப்பவரும் உண்டு.

நம் நாட்டில் எப்படி?

மகனுடைய கேள்விக்கு விடை இனி வருகிறது. சிங்கப்பூரின் ஏற்பாடு அடிப்படையிலேயே வேறு. அங்கே பிள்ளை, பெற்றோரின் குடைக்குள் நிற்கிறான். இங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடை. பெற்றோர் செய்வது அந்தக் குடைக்குக் காசு கொடுப்பது.

1984-இல் மெடிசேவ் தொடங்கிற்று. 1990-இல் மெடிஷீல்டு வந்தது. 2015 நவம்பர் 1 அன்று மெடிஷீல்டு லைஃப் நடப்புக்கு வந்தது. இது குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் உரியது. ஆயுள் முழுதும் உரியது. முன்பே நோய் உள்ளவருக்கும் உரியது. கடுமையான நோய் முன்பே இருந்தால் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் தவணை கட்டவேண்டும். ஆனால் "உனக்கு இடமில்லை" என்று எவரும் சொல்ல முடியாது. 19 ஆனாலும் 26 ஆனாலும் பிள்ளை அதிலிருந்து கீழே விழுவதில்லை.

எனவே "இங்கே ஏன் அந்தச் சட்டம் இல்லை" என்றால், அடித்தளத்தில் அதற்குத் தேவை ஏற்படவில்லை என்பதே பதில். ஆனால், சகோதரர்களே, இத்துடன் நிம்மதியாகத் தூங்கிவிடக்கூடாது. கவனிக்க வேண்டியவை மூன்று உள்ளன.

முதலாவது, அளவு. மெடிஷீல்டு லைஃப், அரசாங்க ஆஸ்பத்திரியின் பி2, சி வகுப்புகளை மனத்தில் வைத்து அமைந்தது. அதிலும் முதலில் ஒரு தொகையை நாம் ஏற்கவேண்டும். அதற்கு மேலும் ஒரு சிறு விழுக்காடு நம் பங்கு. அந்த வகுப்புகளில் படுத்தால் அது நல்ல துணை. வேறு இடத்திற்குப் போனால் சட்டை குட்டையாகிவிடும். நமக்கு நடந்ததை மேலே சொன்னோம்.

இரண்டாவது, தவணை. வயது ஏற ஏறத் தவணையும் ஏறும். 2021-இல் வந்த அட்டவணைப்படி, அடுத்த பிறந்தநாளில் 20 வயதுக்குள் இருப்பவருக்கு, மானியம் கழிக்குமுன், ஆண்டுக்கு 145 வெள்ளி. 21 முதல் 30 வரை 250 வெள்ளி. 31 முதல் 40 வரை 390 வெள்ளி. 2025 ஏப்ரல் முதல் இத்தொகைகள் படிப்படியாக உயர்த்தப்பட்டன. பிள்ளை 21-ஐத் தொடும்போது ஒரு படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தத் தொகை யாருடைய மெடிசேவிலிருந்து கழிகிறது? உங்களுடையதா, மனைவியுடையதா, பிள்ளையுடையதா? மெடிசேவைக் கொண்டு பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோருக்குத் தவணை கட்டலாம். கட்டுகிறவர் யார் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மேல்மாடி. மெடிஷீல்டு லைஃபின் மேல் தனியார் நிறுவனங்கள் கட்டும் கூடுதல் பகுதி உண்டு. இரண்டும் சேர்ந்ததை ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் என்பார்கள். உயர்ந்த வகுப்பு, தனியார் ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு அது உதவும். ஆனால் அடித்தளத்தில் உள்ள "எவருக்கும் இடமுண்டு" என்ற விதி மேல்மாடிக்கு இல்லை. அங்கே வாசலில் நின்று உடல்நிலையைக் கேட்பார்கள். நோய் இருந்தால் மறுக்கலாம், அல்லது அந்நோயை மட்டும் விலக்கிவிட்டுச் சேர்க்கலாம்.

தாமதத்தின் விலை

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் தகப்பன்மார் தவறு செய்கிறோம். நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம்.

அவருக்கு ஒரே மகள். கெட்டிக்காரப் பெண். பதினெட்டு வயதில் அவளுக்கு மேல்மாடிப் பாலிசி எடுக்கலாம் என்று மனைவி சொன்னார். "பிள்ளை படிக்கட்டும், வேலைக்குப் போனதும் அவளே எடுத்துக்கொள்வாள்" என்றார் இவர். இருபதாவது வயதில் அப்பெண்ணுக்கு வலிப்பு நோய் கண்டது. இப்போது மருந்தில் கட்டுப்பட்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். படித்து முடித்து வேலைக்கும் போகிறாள். பாலிசி எடுக்கப் போனபோது, வலிப்பையும் அதனால் வருபவற்றையும் விலக்கித்தான் தருவோம் என்றார்கள். பதினெட்டில் எடுத்திருந்தால், பின்னால் வந்த நோய் என்று அதுவும் அடங்கியிருக்கும். அத்தகைய பாலிசியை ஒருமுறை எடுத்தபின், தவணை கட்டி வரும் வரையில், நோய் வந்ததைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது.

அடித்தளமான மெடிஷீல்டு லைஃப் அவளுக்கு இருக்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனாலும் அந்த நண்பர் நம்மிடம் சொன்னார்: "நான் மிச்சம் பிடித்தது ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி. அதுவும் என் கையிலிருந்து போகாது, மெடிசேவிலிருந்துதான் போயிருக்கும்."

அவர் சொன்னது உண்மை. தனியார் கூடுதல் பகுதிக்கு, 40 வயது வரை உள்ளவருக்கு ஆண்டுக்கு 300 வெள்ளி வரை மெடிசேவிலிருந்து கட்டலாம். அதற்கு மேற்பட்டதும், ரைடர் எனப்படும் இணைப்புப் பாலிசியும் கைக்காசில் கட்டவேண்டியவை.

எல்லாருக்கும் மேல்மாடி வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பி2, சி வகுப்பே போதும் என்று தீர்மானிப்பதும் அறிவுடைய தீர்மானமே. அப்படித் தீர்மானித்தால் நோய் வந்த நாளில் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கக்கூடாது. நாம் செய்த பிழை அதுவே. காப்புறுதி எவ்வளவு, ஆஸ்பத்திரி எது என்ற இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

காப்புறுதி எடுப்பது மார்க்கத்தில் எப்படி என்று சிலர் கேட்கலாம். மெடிஷீல்டு லைஃப் நம் விருப்பத்தைக் கேட்டு வருவதல்ல, நாட்டில் அனைவருக்கும் ஆனது. தனியார் பாலிசியைப் பற்றியோ, தகாஃபுலைப் பற்றியோ ஐயமுள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் கேட்காமல் காலத்தைக் கடத்துவது தவக்கல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டும் வேலை நம்முடையது.

கடையில் நிற்கும் பிள்ளை

இனி நம் சமூகத்துக்கே உரிய ஒரு குறையைச் சொல்லுகிறோம். கோபிக்க வேண்டாம்.

கடையில் மகன் நிற்பான். காலையில் கதவைத் திறப்பதும் இரவில் கணக்கை முடிப்பதும் அவனே. ஆனால் சம்பளப் புத்தகத்தில் அவன் பெயர் இராது. "எல்லாம் அவனுக்குத்தானே, சம்பளம் எதற்கு?" என்போம். கைச்செலவுக்குக் கேட்டால் லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுப்போம். நாமும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

இதன் விளைவைப் பாருங்கள். மகனுடைய வயதில் வெளியில் வேலை செய்கிறவனுக்கு மத்திய சேமநிதி சேர்கிறது. அதில் 35 வயது வரை, சம்பளத்தில் 8 விழுக்காடு மெடிசேவுக்குப் போகிறது. மாதம் 2,000 வெள்ளிச் சம்பளம் என்று வையுங்கள். மெடிசேவுக்கு மாதம் 160 வெள்ளி, ஆண்டுக்கு 1,920 வெள்ளி. மெடிஷீல்டு லைஃப் தவணையும், மேல்மாடித் தவணையில் அனுமதித்த 300 வெள்ளியும் போக, ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கு மேல் மிச்சம் நிற்கும். அவன் குடைக்கு அவனே காசு கொடுத்துக்கொள்வான். நம் மகனுடைய மெடிசேவிலோ ஒன்றும் இல்லை. தகப்பனுக்காக உழைத்த பிள்ளை, நோய் வந்தபோது தகப்பனுடைய மெடிசேவை நோக்கிக் கையேந்தி நின்றான்.

மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறும் ஊழியருக்கு முதலாளி சேமநிதி செலுத்த வேண்டும். மகன் என்பதால் அந்த விதி மாறுவதில்லை. கூட்டாளியாகச் சேர்த்தால் அவன் சொந்தத் தொழில் செய்பவன் ஆகிறான். அப்போது, ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேற்பட்டால் அவனே மெடிசேவுக்குச் செலுத்த வேண்டும். நம்மைப் போன்ற தனிக் கடைக்காரருக்கும் அதே விதிதான். எந்த வழியாயினும் ஒரு வழியில் அவன் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். நாம் மகனைச் சம்பளப் புத்தகத்தில் ஏற்றிவிட்டோம். முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியபோது அவன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியைக் கண்டபின், இதை முன்பே செய்திருக்கலாமே என்று வருந்தினோம்.

குடையே இல்லாதவர்

மேலே சொன்ன மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. நம் வியாபாரிகளில் சிலருடைய மனைவி மக்கள் டிபெண்டன்ட் பாஸில் இங்கே வசிக்கிறார்கள். அவர்களுக்கு அடித்தளமும் இல்லை, ஆஸ்பத்திரி மானியமும் இல்லை. அந்தப் பாஸ், மணமாகாத பிள்ளைகளுக்கு 21 வயதுக்குள்தான். அதன்பின் படிப்புக்கோ வேலைக்கோ உரிய வேறு அனுமதி தேவை. ஆகவே அப்பிள்ளைகளின் 21-ஆவது பிறந்தநாளை இரண்டு முறை வட்டமிட வேண்டும். குடிநுழைவுக்காக ஒருமுறை, காப்புறுதிக்காக ஒருமுறை. அவர்களுக்குத் தனிப் பாலிசி ஒன்றுதான் வழி.

தேசிய சேவையில் உள்ள பிள்ளைகளுக்குச் சேவைக் காலத்தில் அரசாங்க மருத்துவ வசதி உண்டு. சேவை முடிந்த நாளில் அது முடியும். படிப்பும் சேவையும் முடிந்து, வேலை இன்னும் கிடைக்காமல் இருக்கும் அந்தச் சில மாதங்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் கவனிப்பாரின்றி இருக்கும் காலம்.

இன்றிரவு செய்ய வேண்டியது

கடை அடைத்தபின் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்திகளாகக் கோடு கிழியுங்கள்.

முதல் பத்தியில் பிள்ளையின் பெயர்.
இரண்டாவதில் பிறந்த தேதி.
மூன்றாவதில் அவனுக்கு உள்ள காப்புறுதிகள், அவை எந்த வகுப்புக்கு உரியவை என்பதோடு.
நான்காவதில் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் முடியும் என்பது: வயதா, படிப்பு முடிவதா, திருமணமா, வேலையில் சேர்வதா?
ஐந்தாவதில் தவணை யாருடைய கணக்கிலிருந்து போகிறது என்பது.

நான்காம் பத்தியை நிரப்ப முடியவில்லையானால், பாலிசிக் காகிதத்தை எடுத்துப் பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இங்கிலீஷ் நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். படிக்கும்போதே அவனுக்கும் பொறுப்பு வந்துவிடும். மகளானால் அவளுடைய பாலிசி அவள் பெயரிலும், கடிதங்கள் அவள் கைக்கும் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். அவள் உடம்பைப் பற்றிய காகிதத்தைப் பிரித்துப் படிக்கும் உரிமை நமக்கு இல்லை.

"எனக்கு என்ன நோய் வரப்போகிறது?" என்று இளைஞர்கள் சொல்வார்கள். நாமும் அந்த வயதில் அப்படித்தான் சொன்னோம். அவர்களிடம் வாதாட வேண்டாம். தீ பிடிக்காத கடைக்குத்தான் தீக் காப்புறுதி எடுக்க முடியும் என்று மட்டும் சொல்லுங்கள். வியாபாரியின் பிள்ளைக்கு அது விளங்கும்.

பாடத்தை நினைவிற்கொள்ளச் சில வினாக்கள்

1. அமெரிக்கச் சட்டப்படி பிள்ளை எத்தனை வயது வரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம்? மணமாகியிருந்தால்?

2. நம் நாட்டில் மெடிஷீல்டு லைஃபுக்கு அத்தகைய வயது எல்லை ஏன் இல்லை?

3. அடித்தளத்துக்கும் மேல்மாடிக்கும், நோய் உள்ளவரைச் சேர்ப்பதில் உள்ள வேறுபாடு என்ன?

4. உங்கள் கடையில் நிற்கும் பிள்ளையின் மெடிசேவில் இன்று எவ்வளவு இருக்கிறது?

நான்காவது வினாவுக்கு விடை இந்தப் பக்கத்தில் இல்லை. அதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். கேளுங்கள். நம் மகனிடம் நாம் அதைக் கேட்டது, ஆஸ்பத்திரிக் கணக்குக் கையில் வந்தபின். நீங்கள் அதற்கு முன்பே கேட்டுவிட்டால் இவ்வளவும் எழுதியதன் பலன் நமக்குக் கிட்டியதாகும்.

வஸ்ஸலாம்.